சேட்டைக்கு மார்க் போட்ட டீச்சர்

வகுப்பில் ஒரு பையன் விசிலடித்தால் எந்த வாத்தியாரும் என்ன கேட்பார்? "யார்லே அது?" என்றுதான். நானும் இருபது வருடமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒரு பயலும் "நான்தான் சார்" என்று எழுந்து நின்றதில்லை. இருந்தாலும் விடாமல் கேட்கிறேன். பழக்கதோஷம்.

அந்த டீச்சர் அப்படிக் கேட்கவே மாட்டார்.

"இன்னொரு தரம் அடிலே. கடைசி பெஞ்சுக்குக் கேக்கலியாம்."

அவரிடமிருந்து நான் கேட்ட முதல் வாக்கியம் இதுதான். ஸ்ரீவைகுண்டத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னால், ஆற்றுக்கும் வாழைத்தோப்புக்கும் நடுவே இருந்த பள்ளிக்கூடம் அது. ஒரு நீளமான ஓட்டுக் கூடத்தை மரத்தட்டி வைத்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் அவருடைய அறிவியல் வகுப்பு, இந்தப் பக்கம் என்னுடைய கணக்கு வகுப்பு. அங்கே தும்மினால் இங்கே கேட்கும். நான் சேர்ந்த முதல் வாரம், அந்தப் பக்கம் விசில் சத்தம் வந்ததும் அடுத்து என்ன திட்டு விழும் என்று என் பிள்ளைகளோடு நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். திட்டு வரவில்லை. பயந்துபோன ஒரு விசில் "ஃபூ" என்று வந்தது.

"காத்துதான் வருது. சத்தம் எங்க? நாக்கைக் கொஞ்சம் உள்ள இழு. சரி, இன்னைக்குப் பத்துக்கு மூணு மார்க். வீட்ல பழகிட்டு வா, நாளைக்கு முதல் பீரியடு கேப்பேன்."

மறுநாள் முதல் பீரியடு கேட்கவும் செய்தார். அதற்கு மறுநாளும் கேட்டார். வெள்ளிக்கிழமை அந்தப் பையன் தட்டியே நடுங்கும்படி, "இனிமே விசிலே அடிக்க மாட்டேன், விட்ருங்க டீச்சர்" என்று கெஞ்சினான். "அதெப்படி? இப்பத்தான் நாலரைக்கு வந்திருக்க" என்றார் டீச்சர். அவர் குரலில் இருந்த ஏமாற்றம் நடிப்பா நிஜமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஐம்பதைத் தாண்டியவர். பாளையங்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை, மடித்த குடை, சணல் பை. பைக்குள் சிவப்பு அட்டை போட்ட ஒரு நோட்டு. சிறு வயதிலிருந்து சர்ச் கொயரில் பாடுகிறவர் என்பதால் காது அசாத்தியக் கூர்மை. கொசு பறந்தால் எந்தச் சுருதியில் பறக்கிறது என்று சொல்வார். அந்தக் காதுக்கு அரைகுறைச் சேட்டை பிடிக்காது. சேட்டையே பிடிக்காத ஆசிரியர்கள் ஊரெல்லாம் இருக்கிறோம். மோசமாகச் செய்த சேட்டை பிடிக்காதவர் என்று நான் பார்த்தது அவர் ஒருவரைத்தான்.

கம்பு எடுக்கக் கூடாது என்று ஆனபிறகு எங்களில் பாதிப் பேர் தொண்டையை நம்பிப் பிழைத்தோம். நான் மரச்சட்டத்தால் மேஜையை அறைவேன். என் மேஜையில் ஒரு மூலை அதிலேயே தேய்ந்துவிட்டது. மத்தியானம் சாப்பிடும்போது டீச்சர் டப்பாவைத் திறந்துகொண்டே சொல்வார்: "இன்னைக்கு ஒங்க கோவம் சுமார்தான் சார். நேத்து நல்லா இருந்துச்சு. இன்னைக்கு ரெண்டாவது அடியில தாளம் தப்பிப்போச்சு." எனக்குச் சாப்பாடு இறங்காது. எனக்கும் மார்க் போட்டு அந்தச் சிவப்பு நோட்டில் எழுதி வைத்திருப்பாரோ என்று சந்தேகம். ஒருநாள் கேட்டே விட்டேன். நோட்டை விரித்துக் காட்டினார். யார் பெயரும் இல்லை. 'காகித ராக்கெட், மூக்கில் கனம் போதவில்லை, 4.' 'மயில் அகவல், நிஜ மயில் பதில் கொடுத்தது, 9.' இப்படியே பக்கம் பக்கமாக.

ராக்கெட் விட்டவனை அவர் மூன்று நாள் மடிக்க வைத்தார். மூன்றாம் நாள் அது வகுப்பைத் தாண்டி, தட்டியைத் தாண்டி, என் தலைக்கு மேலே பறந்து ஜன்னல் வழியாக வாழைத்தோப்புக்குள் போனது. அந்தப் பக்கம் கைதட்டல். நான் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் நானும் கைதட்டத்தான் செய்தேன் என்பதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

அவருடைய வகுப்பில் சேட்டைக்கு இரண்டு சட்டம் உண்டு. ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல் நாளே சொல்வார், தட்டி வழியாக எனக்கும் மனப்பாடம். முதல் சட்டம்: "ஒரே சேட்டைய ரெண்டு தடவ செஞ்சா அது சேட்டை இல்ல, வியாதி." இரண்டாவது சட்டத்தைச் சொல்லும்போது மட்டும் குரலில் விளையாட்டு இருக்காது: "ஒருத்தர் ஒடம்ப வச்சுச் சிரிக்கக் கூடாது. நெட்டை, குட்டை, கறுப்பு, திக்குவாய், எதுவும். அப்படிச் சிரிச்சா எங்கிட்ட மார்க் கெடையாது, மூஞ்சியும் கெடையாது."

எல்லாவற்றையும் அவர் விளையாட்டாக எடுத்துக்கொண்டார் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு பையன் பக்கத்தில் இருந்தவன் நோட்டை வாங்கிக் கிழி கிழி என்று கிழித்தபோது அவர் மார்க் ஒன்றும் போடவில்லை. பைய அவன் தோளில் கை வைத்து வெளியே கூட்டிப்போய் வேப்பமரத்தடியில் ஒரு பீரியடு முழுக்க உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம், "அது சேட்டை இல்ல சார். வீட்ல ரெண்டு நாளா சோத்துக்கு ஒலை வைக்கல" என்றார். அன்றையிலிருந்து அவர் பையில் இரண்டு டப்பா இருந்தது.

சரி, ஆட்டுக்கதைக்கு வருகிறேன். இதைச் சொல்வதற்காகத்தான் உட்கார்ந்தேன்.

ஐந்தாறு வருடத்துக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்பில் முத்துச்செல்வி என்று ஒரு பிள்ளை. அப்பா வாழைத்தார் வெட்டிச் சுமப்பவர். அந்த மயில் ஒன்பது மார்க் அவளுடையதுதான். தலைமையாசிரியரின் பழைய ஸ்கூட்டர் கிளம்பும் சத்தத்தை அவள் வாயால் செய்து, அவர் போய்விட்டார் என்று நம்பி நாங்கள் ஆசிரியர்கள் நாலு பேர் டீ குடிக்கக் கிளம்பி, வராந்தாவில் அவர் மேலேயே முட்டிக்கொண்டிருக்கிறோம். அவளை நான் முதல் பெஞ்சில், போர்டின் வலது ஓரத்துக்கு நேராக, என் கண்ணுக்குக் கீழே உட்காரவைத்திருந்தேன்.

அந்த ஜூன் மாதம் பழைய மாணவர்கள் சேர்ந்து எங்கள் வகுப்புக்கு ஒரு பச்சை போர்டு வாங்கித் தந்தார்கள். மாட்டிய கொத்தனார் நல்ல உயரம். தன் உயரத்துக்கு மாட்டிவிட்டுப் போய்விட்டார். நான் ஐந்தடி இரண்டங்குலம். ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய மர மேடையைத் தூக்கிவந்து போர்டுக்கு அடியில் போட்டார்கள். அதன் மேல் ஏறி நின்றும் எனக்கு மேல் வரி எட்டாது. எம்பித்தான் எழுத வேண்டும். தலைப்பை வலது மூலையில் உச்சியில் எழுதுவது என் வழக்கம். போர்டை இறக்கி மாட்டச் சொல்ல எனக்குக் கூச்சம்.

மேடை வந்த மறுநாள், பாடம் ஆரம்பித்து நான் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து வருவதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

"க்ர்ர்ர்மே."

ஆட்டுக்குட்டி. சந்தேகமே இல்லை. வகுப்பு குபீரென்று சிரித்தது. திரும்பினேன். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முத்துச்செல்வி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, நீயா?"

"நான் இல்ல சார்."

திரும்பி எழுதினேன். "க்ர்ர்ர்மே." இப்படி இரண்டு வாரம். மேஜையை அறைந்தேன். அவளை வெளியே நிற்க வைத்தேன். ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு கத்துகிறாள் என்று நினைத்து உள்ளே கூப்பிட்டேன். தமிழ் ஐயா பாடத்தில் ஆடு இல்லை. ஆங்கிலப் பாடத்தில் ஆடு இல்லை. கணக்கில் மட்டும் ஆடு. ஒரு செவ்வாய்க்கிழமை அவள் பள்ளிக்கு வரவில்லை. அன்று ஆடு கத்தவே இல்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? காகிதத்தை எடுத்தேன், புகார் எழுதினேன். இந்த மாணவிக்கு டி.சி. கொடுக்காவிட்டால் நான் அந்த வகுப்புக்குள் கால் வைக்க மாட்டேன் என்று கடைசி வரியில் கோடும் போட்டேன்.

தலைமையாசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "வே, ஒம்பதாங் கிளாஸ் பொம்பளப் பிள்ளை. இப்பப் போயி டி.சி.ங்கீரு. நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதீரா?"

"யோசிச்சாச்சு சார்."

அவளுடைய அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் வந்து வாசலிலேயே நின்றார். "படிப்பு வரலன்னா விடுங்க சார். திசையன்விளையில இவ சித்தி வீடு இருக்கு. அங்கன கொண்டு விட்டுருதேன். சித்தி வேலைக்குப் போகுதாளாம், கைப்பிள்ளயப் பாத்துக்கிட ஆள் வேணுமாம்" என்றார். திங்கட்கிழமை காலை வந்து டி.சி. வாங்கிக்கொள்வதாக முடிவாயிற்று. என் மனசு லேசாக உறுத்தியது. உறுத்தலைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது.

டீச்சர் இதில் ஒரு வார்த்தை பேசவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு, பிள்ளைகள் எல்லாம் போனபிறகு, தன் பஸ்ஸையும் விட்டுவிட்டு என் வகுப்புக்குள் வந்தார்.

"சார், எங்க அண்ணன் மகளுக்கு இருபடிச் சமன்பாடு மண்டையில ஏறலயாம். ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்க, நான் பாத்துட்டுப் போயிச் சொல்லிக்குடுக்கேன்."

முத்துச்செல்வி இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். சிவப்பு நோட்டை விரித்தார். "கிளாஸ்ல எழுதுத மாதிரியே எழுதுங்க. தலைப்புலேர்ந்து."

சாக்பீஸை எடுத்தேன். மேடையில் ஏறினேன். எம்பினேன்.

"க்ர்ர்ர்மே."

"யார் அது?" என்று சுழன்று திரும்பினேன். காலியான பெஞ்சுகள். முதல் பெஞ்சில் டீச்சர் எழுந்து நின்று, கையைக் கட்டி, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"நான் இல்ல சார்."

சத்தியமாகச் சொல்கிறேன், அவர்தான் செய்தார் என்று நம்பினேன். செய்யக்கூடிய ஆள்தான். "என்ன டீச்சர் இது, வயசுக்குத் தகுந்த..." என்று ஆரம்பித்தேன். அவர் இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, கண்ணாலேயே போர்டைக் காட்டினார். திரும்பவும் எம்பினேன். ஆடு கத்தியது. அப்போதுதான் முதல்முறையாகக் குனிந்து என் காலைப் பார்த்தேன். குதிகாலை இறக்கினேன். மேடைப் பலகை பேசாமல் கிடந்தது. தூக்கினேன். "க்ர்ர்ர்மே."

காது மடல் வரை சூடாகிவிட்டது எனக்கு. பள்ளிக்கூடத்தில் வேறு ஆள் இல்லை. ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் அவர் வந்திருக்கிறார் என்பதும் அப்போது புரிந்தது.

"எப்பத் தெரியும் ஒங்களுக்கு?"

"தட்டி வழியா கேட்டுக்கிட்டேதான இருக்கேன். ரெண்டு வாரமும் ஒரே சுருதி சார். மனுசத் தொண்டைக்கு அது வராது. அதுவுமில்லாம, அந்தப் பிள்ளை ஒரே சேட்டைய மறுபடி செய்யுமா? அதுக்கு அவமானம்லா அது. முந்தாநாள்தான் சந்தேகம் வந்து, நீங்க டீ குடிக்கப் போனப்ப மேடை மேல ஏறிப் பாத்தேன். எனக்குக் கத்தல. எம்பிப் பாத்தேன், கத்துச்சு."

"அப்ப அந்தச் செவ்வாக்கெழம?"

"அன்னைக்கு டெஸ்ட்டு வச்சீயள்லா? போர்டுப் பக்கமே போகலியே."

அவர் சிரித்தார். நானும் வேறு வழியில்லாமல் சிரித்தேன். பிறகு எனக்கு ஒன்று உறைத்தது. "டீச்சர், அந்தப் பிள்ளை இந்த எடத்துலதான இருக்கு. நான் எம்புறதும் பலகை கத்துறதும் அது கண்ணுக்கு நேரால்லா நடக்கு. தெரியாமலா இருக்கும்?"

டீச்சர் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்தார். என் செருப்பைப் பார்த்தார், பிறகு போர்டின் உச்சியைப் பார்த்தார்.

"தெரிஞ்சிருக்கும். சொல்லணும்னா, சார் குட்டையா இருக்காவ, எம்புதாவன்னு நாப்பது பேருக்கு முன்னால சொல்லணும்லா. ஒடம்ப வச்சுப் பேசக் கூடாதுன்னு நான்தான படிச்சுப் படிச்சுச் சொன்னேன்." சிவப்பு நோட்டை மூடினார். "படுபாவி, எஞ் சட்டத்துக்காகத் திசையன்விளைக்குப் போக இருந்திருக்கு பாத்தீயளா."

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மனுஷி கண்ணைத் துடைத்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்குத் தூக்கம் சரியில்லை. திங்கட்கிழமை காலை முத்துச்செல்வியும் அப்பாவும் வருவதற்கு முன்பே தலைமையாசிரியர் அறையில் போய் நின்றேன். புகாரை வாங்கிக் கிழித்தேன். "ஆடு இல்ல சார், பலகை. நான் எம்பினா கத்துது" என்றேன். அவர் ஒரு நிமிடம் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு இருமலாகி, தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று. அப்பா உள்ளே வந்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"அப்ப எம் பிள்ளை ஒண்ணுஞ் செய்யலியா சார்?"

"இல்ல அண்ணாச்சி. நான்தான் செஞ்சேன்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். மகள் பக்கம் திரும்பி, "ஏட்டி, வாயத் தொறந்து சொன்னா என்ன?" என்றார்.

"நான் இல்லன்னு தெனமும் சொன்னேம்லா."

"பலகைன்னு சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன் நான். அவள் வாசலில் நின்ற டீச்சரை ஒரு பார்வை பார்த்தாள். "அது சொல்லக் கூடாதுல்லா சார்" என்றாள். நான் இருபது வருட சர்வீஸில் யார் முன்னாலும் அவ்வளவு சின்ன ஆளாக நின்றதில்லை.

அன்றைய முதல் பீரியடு. மேடையில் ஏறினேன், வேண்டுமென்றே எம்பினேன். ஆடு கத்தியது. ஒருவரும் சிரிக்கவில்லை. நாற்பது பேரும் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள்.

"சிரிங்கலே" என்றேன். "இது எங் காலு. எம் ஒசரம். நானே சொல்லுதேன், சிரிக்கலாம்." அப்போதும் தயங்கினார்கள். "முத்துச்செல்வி, நீ எந்திரி. இந்தப் பலகை மாதிரி கத்து, பாப்போம்."

அவள் எழுந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். "க்ர்ர்ர்மே."

நான் சட்டென்று என் காலைக் குனிந்து பார்த்துவிட்டேன். அவ்வளவுதான், கூடமே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது:

"பலகைக்கு ஏழு. பிள்ளைக்குப் பத்து."

"சாருக்கு, டீச்சர்?" என்று எவனோ கத்தினான்.

அந்தப் பக்கம் நோட்டு புரளும் சத்தம் கேட்டது. "சாருக்கு இன்னைக்குப் பதினொண்ணு."

பீரியடு முடிந்ததும் டீச்சர் சிவப்பு நோட்டோடு எங்கள் பக்கம் வந்தார். முதல் பெஞ்சுக்கு நேராக நின்றார். "ஏட்டி, நான் போட்ட சட்டத்துல ஒரு ஓட்டை இருந்திருக்கு. மன்னிச்சுக்கோ" என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். பிறகு மூன்றாவதாக ஒன்றை எழுதி வாசித்தார்: "செய்யாததுக்குப் பழி வந்தா, யாரு மூஞ்சியும் பாக்காம உண்மையச் சொல்லணும்."

மறுநாள் தச்சர் ஆணியோடு வந்தார். பிள்ளைகள் முகத்தைப் பார்த்தேன், அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அதன்பிறகு நான் எம்பும்போதெல்லாம் பலகை கத்தும், வகுப்பு மொத்தமாக "நாங்க இல்ல சார்" என்று சொல்லும், தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஒற்றைக் குரலில் "நானும் இல்ல சார்" என்று வரும். அவர் ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் வந்தது. முத்துச்செல்வி பன்னிரண்டு முடித்து, இப்போது பாளையங்கோட்டையில் நர்சிங் படிக்கிறாள்.

தட்டிக்கு அந்தப் பக்கம் இப்போது வேறொரு சார் இருக்கிறார். நல்ல பையன், சத்தமே போடமாட்டான். இந்த வருடப் பிள்ளைகளுக்கு அந்த டீச்சரைத் தெரியாது. போன வாரம் எம்பினேன். பலகை கத்தியது. அண்ணன், அக்காமாரிடம் கேட்டுப் பழகியதால் "நாங்க இல்ல சார்" என்றார்கள். நான் வழக்கம்போல் சாக்பீஸைப் பிடித்தபடி தட்டியைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றேன். அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. பின்னாலிருந்துதான் ஒரு குட்டிப் பயலின் குரல் கேட்டது.

"சார், இன்னொரு தரம். கடைசி பெஞ்சுக்குக் கேக்கல."

யார்லே அது என்று நான் கேட்கவில்லை. இன்னொரு தரம் எம்பினேன்.